மாவில் இரண்டு கீறல்

கோயிலில் நற்கருணைக்கு வில்மட் சுட்ட அப்பத்தைப் பற்றி முப்பது வருடமாக இரண்டே புகார்கள்தான். கனமாக இருக்கிறது என்று மேட்டுப்பக்கத்தார் சொல்வார்கள். மெல்லிசாக இருக்கிறது என்று பாலத்துப்பக்கத்தார் சொல்வார்கள். ஒரே மாவு, ஒரே அடுப்பு, ஒரே ஞாயிற்றுக்கிழமை. இரண்டு புகாரும் வந்து சேர்ந்த பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்போ சரியாத்தான் வந்திருக்கு" என்பாள்.

போன செவ்வாய்க்கிழமை அவளைப் புதைத்தோம். அவளைப் பற்றி ஏதாவது எழுதி வைக்க வேண்டும் என்றால் எனக்குச் சிரிப்பு வருகிற விஷயங்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவளுக்கும் அதுதான் பிடிக்கும்.

எங்கள் ஊர் நெதர்கோமில் மேட்டுப்பக்கம் என்றால் பழைய வேதம். பூசை, மெழுகுவத்தி, மாதா. பாலத்துப்பக்கம் நெசவாளர்களும் கம்பளி வியாபாரிகளும். அவர்கள் புது வேதம். பிரசங்கம், அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் பிரசங்கம். இரண்டு பக்கத்துக்கும் கோயில் ஒன்று, பாதிரி நான் ஒருவன். மேட்டுக்காரர்கள் என்னைச் 'சாமி' என்பார்கள், பாலத்துக்காரர்கள் 'ஐயா' என்பார்கள். கதவுக்கு வெளியே யார் கூப்பிட்டாலும் எந்தப் பக்கத்துச் சாவு என்று எழுந்திருப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். வில்மட் மட்டும் "இங்க பாருங்க" என்பாள்.

அரசியாரின் தந்தை போப்பைத் துரத்தினார். தம்பி பூசையைத் துரத்தினார். அக்கா மேரி ராணி இரண்டையும் திரும்ப அழைத்து வந்து, வரவேற்காதவர்களை எரித்தார். அதற்குப் பிறகு பட்டத்துக்கு வந்த நம் அரசியார் யாரையும் முழுதாகத் துரத்தவில்லை, யாரையும் நிம்மதியாக உட்காரவும் விடவில்லை. அப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாப்பிடும் சாதாரண ரொட்டியே போதும் என்று ஜெபப் புத்தகம் சொன்னது. பாலத்துப்பக்கம் கைதட்டியது. அதே வருடம் வந்த கட்டளையோ, அப்பம் பழைய மாதிரியே வட்டமாக இருக்கட்டும், மேலே படம் வேண்டாம், முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்றது. இரண்டும் அரசியாரின் பெயரால் வந்தவை. இரண்டும் கோயிலில் ஒரே மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

நான் அந்தக் கட்டளையை எடுத்துக்கொண்டு வில்மட்டின் ரொட்டிக் கடைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். அவளை அன்றுதான் முதலில் சரியாகப் பார்த்தேன். முழங்கை வரை மாவு, புருவத்தில் மாவு.

"கொஞ்சம் கனம்னா எவ்வளவு?" என்றாள்.

"அது எழுதலை."

"அரசியம்மா எப்பவாவது ரொட்டி சுட்டிருக்காங்களா?"

"தெரியலையே."

"சுட்டிருந்தா எழுதியிருப்பாங்க."

அதற்கு முன் அந்தக் கடையை நடத்தியவர் வில்மட் ஹாக்கடேயின் அப்பா. அப்பம் வார்க்கும் இரும்பு அச்சு அவரிடம் இருந்தது. நீளக் கைப்பிடி, உள்ளே சிலுவைப் படம். தம்பி ராஜா காலத்தில் அதை அடுப்புக்குப் பின்னால் செங்கல்லுக்குள் ஒளித்தார். அக்கா ராணி காலத்தில் செங்கல்லை உடைத்து வெளியே எடுத்தார். அந்த ராணி செத்த வாரமே அவரும் படுத்துவிட்டார். "இப்போ உள்ளயா, வெளியயா?" என்று கேட்டதுதான் கடைசிப் பேச்சு. வில்மட் கொல்லனிடம் போய் அச்சிலிருந்த படத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, நடுவில் கொஞ்சம் பள்ளமாக்கிக்கொண்டாள். அப்பத்தின் கனம் கொஞ்சம் கூடிவிட்டது. அரசியார் கேட்ட கொஞ்சம் அதுதான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

சனிக்கிழமைதோறும் அப்பத்தை எடுத்துவரப் போவது கோயில் கணக்குப்பிள்ளையின் வேலை. இரண்டு மாதத்தில் அது என் வேலையாகிவிட்டது. கடையில் வில்மட்டோடு அவளுடைய சிட்வெல் அத்தையும் இருந்தாள். அத்தை மேட்டுப்பக்கம். நாக்கும் மேட்டுப்பக்கம்தான்.

"அப்பம் எடுக்க இவ்வளவு நேரமா, சாமி? வர்றப்ப சூடா இருந்துச்சு. இப்போ அதைச் செருப்புக்கு அடியில தைக்கலாம்."

நான் வில்மட்டைக் கேட்டேன். அவள் சரி என்றாள். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அரசிக்கே இன்னும் கல்யாணம் ஆகலை. உனக்கு என்னடி அவசரம்?"

"அவங்களுக்கு அடுப்பு இல்லை, அத்தை. எனக்கு விறகு பிளக்க ஆள் வேணும்."

பாதிரி கல்யாணம் செய்துகொள்வதிலும் அரசியார் அதே அரசியார்தான். அவருக்குப் பிடிக்காது. ஆனால் தடுக்கவில்லை. செய்வதானால் பேராயரும் பக்கத்து நீதிபதிகள் இருவரும் பெண்ணை நேரில் பார்த்து, விசாரித்து, தகுந்தவள்தான் என்று சொல்ல வேண்டும் என்று கட்டளை. நாட்டில் வேறு எந்த மாப்பிள்ளைக்காகவும் பேராயர் பெண் பார்ப்பதில்லை. எங்கள் பேராயருக்கு அவ்வளவு தூரம் குதிரையில் வர முதுகு இடம் தரவில்லை. நீதிபதிகள் இருவரும் பார்த்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் தானும் போடுவதாகச் சொல்லியனுப்பினார். இரண்டு கையெழுத்தும் இல்லையென்றால் கல்யாணம் இல்லை. வில்மட்டின் பெயரும் ஊர் வாயில் விழுந்துவிடும். நீதிபதிகளே வேண்டாம் என்று சொன்ன பெண்ணிடம் அப்பம் வாங்குவார்களா என்பதும் சந்தேகம்.

சிக்கல் அந்த இரண்டு நீதிபதிகள்தான்.

மேட்டுப்பக்கம் ஜெர்வேஸ் துரை. பருத்த உடம்பு, ஈரமான கண். எதைச் சொன்னாலும் "மேரி ராணி காலத்துல..." என்று பெருமூச்சோடு தொடங்குவார். பாலத்துப்பக்கம் ஹம்ப்ரி துரை. மேரி ராணிக்குப் பயந்து மூன்று வருடம் புது வேதக்காரர்களின் ஊரான ஜெனீவாவில் இருந்துவிட்டு வந்தவர். மழை பெய்தாலும் "ஜெனீவாவுல மழை..." என்பார். இருவரும் ஒருவரோடொருவர் பேசி ஐந்து வருடம் ஆகியிருந்தது. கோர்ட்டில்கூடக் கைதியைப் பார்த்துத்தான் இருவரும் பேசுவார்கள். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் வரமாட்டார். கோயிலுக்குள் ஜெர்வேஸ் துரை வரமாட்டார். சத்திரத்துக்குள் ஹம்ப்ரி துரை வரமாட்டார். கடைசியில், ரொட்டிக் கடைக்கு மதம் கிடையாது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு புதன்கிழமை வந்தார்கள்.

வில்மட் அன்று கடையை மூடவில்லை. "மாவு பொங்கிடுச்சு. அது பேராயருக்காகக்கூடக் காத்திருக்காது" என்றாள். மாவு பிசையும் நீளத் தொட்டியின் ஒரு முனையில் ஒரு துரை, மறுமுனையில் ஒரு துரை. நடுவில் அவள். பெண் பார்க்கும் இடத்தில் மாப்பிள்ளைக்கு வேலையில்லை என்று என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சிட்வெல் அத்தை ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தாள்.

ஹம்ப்ரி துரை ஆரம்பித்தார். "ஏம்மா, வேதம் வாசிப்பியா?"

"வாசிப்பேன், துரை. மெதுவா."

"எந்த இடம் ரொம்பப் பிடிக்கும்?"

"அஞ்சு அப்பம், ரெண்டு மீனு."

"நல்லது. அதுல என்ன கத்துக்கிட்டே?"

"பன்னெண்டு கூடை மிஞ்சிப் போச்சுங்க. அதை அடுத்த நாள் என்ன பண்ணாங்கன்னு யாருமே எழுதலை. பழைய ரொட்டியை விக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எழுதினவருக்குத் தெரியாது."

ஜெர்வேஸ் துரை குலுங்கிச் சிரித்தார். பிறகு எதிர்முனையில் இருப்பவர் முன்னால் சிரித்துவிட்டோமே என்று இருமலாக மாற்றிக்கொண்டார்.

"நான் கேக்குறேன்," என்றார். "மாதா பேரைச் சொல்லிக் கூப்பிடுவியா, பொண்ணே?"

"கை சுட்டுக்கிட்டா வாயில வரும், துரை."

"வேற யார் பேரு வரும்?"

"ரொம்பச் சுட்டா என்னென்னமோ வரும். அதைப் பெரியவங்க முன்னாடி சொல்ல முடியாது."

அடுப்பிலிருந்து சாம்பல் பறந்து என் மூக்கில் ஏறியது. நான் தும்மிவிட்டேன்.

"யாரு அங்க?" என்றார் ஹம்ப்ரி துரை.

"பன்னிங்க, துரை," என்றாள் அத்தை. "சளி பிடிச்சிருக்கு."

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. பேசிக்கொண்டே வில்மட் மாவு உருண்டையைத் தட்டி வைத்து, கத்தியை எடுத்து, மேலே சரக் சரக் என்று குறுக்கும் நெடுக்கும் இரண்டு கீறல் போட்டாள். எல்லா ரொட்டிக்காரர்களும் போடுவதுதான். போடாவிட்டால் மாவு பொங்காது, பிசாசு வந்து உட்கார்ந்துவிடும் என்று அவர்களுடைய பாட்டன்மார் சொல்லிக் கொடுத்தது. அவள் கை அதை யோசித்துச் செய்வதில்லை.

ஹம்ப்ரி துரை எழுந்து நின்றுவிட்டார். "சிலுவை!"

"சிலுவைதான்!" என்றார் ஜெர்வேஸ் துரை. கண் இன்னும் ஈரமானது. "மேரி ராணி காலத்துல ஒவ்வொரு ரொட்டியிலயும்..."

"ஜெனீவாவுல இப்படி ஒரு ரொட்டியை நாய்க்குக்கூடப் போட மாட்டாங்க! இது விக்கிரக ஆராதனை! சொல்லும்மா, இது சிலுவையா இல்லையா?"

சிலுவை என்றால் ஹம்ப்ரி துரையின் கையெழுத்து போச்சு. இல்லை என்றால் ஜெர்வேஸ் துரையின் கையெழுத்து போச்சு. விறகுக்குப் பின்னால் அத்தை என் கையைப் பிடித்து நெரித்தாள்.

வில்மட் மாவைக் குனிந்து பார்த்தாள். யாரோ போட்டதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ரெண்டு கீறல் போட்டேன், துரை. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அவங்களுக்கு. போற வழியில ரெண்டும் குறுக்க வந்துடுச்சு. ஊர்ல நடக்குறதுதானே."

ஹம்ப்ரி துரை உட்கார்ந்தார். தன்னுடைய கீறல் எது என்று பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

ஆனால் கையெழுத்து விழவில்லை. ஹம்ப்ரி துரை வில்மட்டிடம், "அந்தத் துரைகிட்டச் சொல்லும்மா," என்றார். அந்தத் துரை ஆறடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். "பாதிரிக்குக் கல்யாணம் ரொம்ப அவசியம். பரிசுத்தமான காரியம். ஜெனீவாவுல கல்யாணம் ஆகாத பாதிரியைக் கண்டா ஜன்னலைச் சாத்திக்குவாங்க. கல்யாணத்துக்கு நான் நூறு கையெழுத்துப் போடுவேன். ஆனா இந்தப் பொண்ணு சரிப்படாது. வாயில மாதா, மாவுல சிலுவை."

"அவர் சொல்றார், துரை..." என்று வில்மட் திரும்பினாள்.

"கேட்டுச்சு. அவர்கிட்டச் சொல்லு. பொண்ணு தங்கம். இவ அப்பன் ரொட்டியைத் தின்னு வளர்ந்த உடம்பு இது. இந்தப் பொண்ணை எந்த மவராசன் வேணா கட்டலாம். ஆனா சாமியாருக்குக் கல்யாணமா? பூசை வைக்கிற கையால தொட்டில் ஆட்டுறதா? அந்தக் கண்றாவிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஒருவருக்குக் கல்யாணம் வேண்டும், பெண் வேண்டாம். இன்னொருவருக்குப் பெண் வேண்டும், கல்யாணம் வேண்டாம். நான் விறகில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

"உங்களைத்தான் ஒருத்தரும் வேணும்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை, சாமி," என்றாள் அத்தை காதோடு. "அதுவரைக்கும் நல்லது."

மத்தியானம் ஆகிவிட்டது. வில்மட் இருவருக்கும் சாப்பாடு வைத்தாள். புதன்கிழமை மீன் நாள். கறி கூடாது என்று சட்டம் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. மத்தி மீனை மாவுக்குள் வைத்து மூடிச் சுட்டிருந்தாள். தலைகள் மட்டும் வெளியே எட்டி, பாதி மேட்டுப்பக்கத் துரையையும் பாதி பாலத்துப்பக்கத் துரையையும் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தச் சட்டமும் அரசியாரின் கைவேலைதான். புதன்கிழமை மீன் சாப்பிட வேண்டும். ஆனால் அது மீனவர்கள் பிழைக்கவும் கப்பற்படைக்கு ஆள் சேரவும்தான்; ஆத்மாவுக்காக என்று யாராவது வாய்திறந்து சொன்னால் தண்டனை. அந்தத் தண்டனையை இந்த ஊரில் விதிக்க வேண்டியவர்கள் இந்த இருவர்தான்.

ஜெர்வேஸ் துரை தட்டைப் பார்த்தார். சிலுவை போட வலது கை தானாக நெற்றிக்குப் போனது. எதிர்முனையில் ஹம்ப்ரி துரையின் இரண்டு கண்ணும் அந்தக் கையோடு கூடவே போயின. கை நெற்றியைச் சொறிந்தது. பிறகு நெஞ்சைச் சொறிந்தது. பிறகு இரண்டு தோளையும் சொறிந்தது.

"பேன் கடிக்குதா, துரை?" என்றாள் வில்மட்.

"ஆமா... ரொம்ப." அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு உரக்கச் சொன்னார்: "நான் இதைக் கப்பலுக்காகச் சாப்பிடுறேன்."

ஹம்ப்ரி துரைக்கு மீன் என்றால் போப்பின் வாசனை. மூக்கைச் சுளித்து ஒரு வாய் போட்டார். மென்றார். முகம் மாறியது. இன்னொரு வாய் போட்டார். "நானும் கப்பலுக்காகத்தான்," என்றார்.

ரொட்டிக் கடையை விட்டால், ஐந்து வருடத்தில் இருவரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. அதுவும் நேராக, கைதியின் மூலமாக இல்லாமல். இருவருக்குமே அது உறைத்து, அவசரமாகத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். கப்பலுக்காக இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

தட்டுகளை எடுத்த பிறகு வில்மட் பேராயரின் தாளைத் தொட்டியின் நடுவில் வைத்தாள்.

"நான் ஒண்ணு கேக்கலாமா, துரை?"

"கேளு," என்றார்கள் இருவரும்.

"நீங்க கல்யாணம் நல்லதுன்றீங்க. பொண்ணைப் பத்தி நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம். அவங்க பொண்ணு நல்லவள்ன்றாங்க. கல்யாணத்தைப் பத்தி அவங்க ஒண்ணும் எழுத வேண்டாம். ஆளுக்கு ஒரு வரி, உங்களுக்கு நிசம்னு படுறதை மட்டும். பொய்யும் ஆகாது, பாவமும் ஆகாது."

ஹம்ப்ரி துரை நெற்றியைச் சுருக்கினார். "அரசியார் இதை ஒத்துக்குவாங்களா?"

"இது அரசியார் பண்ற வேலைதான்," என்றார் ஜெர்வேஸ் துரை, கசப்பாக. நேராக அவரைப் பார்த்தே சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னது தெரியாமல் பேனாவைக் கேட்டார்.

அதற்குப் பிறகும் ஒரு சண்டை மிச்சம் இருந்தது. யார் பெயர் மேலே? ஜெனீவாக்காரர் பெயருக்குக் கீழே ஜெர்வேஸ் துரை எழுதமாட்டார். போப்புக்காரர் பெயருக்குக் கீழே ஹம்ப்ரி துரை எழுதமாட்டார். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்து வரவும் இருவரும் தயாராக இல்லை. வில்மட் தாளை இந்த முனைக்குத் தள்ளினாள். ஜெர்வேஸ் துரை தனக்குத் தலைப்பாக இருந்த ஓரத்தில் 'பெண் நல்லவள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் தாளைத் திருப்பாமல் அப்படியே அந்த முனைக்குத் தள்ளினாள். ஜெர்வேஸ் துரைக்குக் கீழ் ஓரமாக இருந்ததுதான் ஹம்ப்ரி துரைக்குத் தலைப்பு. 'கல்யாணம் நல்லது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எந்தப் பெயரும் எதற்கும் கீழே இல்லை. எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒருவர் நேராகவும் ஒருவர் தலைகீழாகவும் இருந்தார்கள்.

நான் எழுந்து உள்ளே போனேன். தலையெல்லாம் மரத்தூள்.

"இதுதான் அந்தப் பன்னியா?" என்றார் ஹம்ப்ரி துரை.

பேராயர் அந்தத் தாளைக் கையில் வைத்து மூன்று நான்கு தடவை சுற்றினாராம். அவருடைய எழுத்தர் பிறகு சொன்னார். "பொண்ணும் நல்லது, கல்யாணமும் நல்லது. இனி நான் எங்கே போடுறது?" என்று கேட்டுவிட்டு, இரண்டு பக்கத் தலைப்பும் போய்விட்டதால், பக்கவாட்டில் நெட்டுக்குத்தாகப் போட்டாராம்.

தவக்காலத்துக்கு முன் கல்யாணம் நடந்தது. ஜெர்வேஸ் துரை கோயில் வாசலோடு நின்றுகொண்டார். பார்க்கவில்லை, வழியில் மழைக்கு ஒதுங்கினேன் என்றார். அன்று மழை இல்லை. ஹம்ப்ரி துரை முதல் வரிசையில் உட்கார்ந்து, மோதிரம் மூடநம்பிக்கை என்பதால் அது போடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணைத் திறந்து மோதிரம் ஏறிவிட்டதா என்று பார்த்ததை வில்மட் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு சாகும் வரை இருவரும் மீன் நாளில் கடைக்கு வருவார்கள். ஒரே மேசை கிடையாது. தொட்டியின் இரண்டு முனைதான். பேச்சு எல்லாம் வில்மட் மூலமாக. "அவர்கிட்டச் சொல்லும்மா, மீனுல உப்பு கூடிப்போச்சுன்னு." "அவர்கிட்டச் சொல்லு, எனக்கு அவ்வளவா தெரியலைன்னு." எங்கள் மூத்த மகள் மேட்டுப்பக்கம் வாழ்க்கைப்பட்டாள், இளையவள் பாலத்துப்பக்கம். பண்டிகைக்கு வந்தால் வீட்டில் தொட்டி தேவைப்படும்.

போன செவ்வாய்க்கிழமை சாவு மணியிலும் தகராறு. புதைப்பதற்கு முன் ஒரு சின்ன மணி, பின் ஒரு சின்ன மணி என்பது அரசியாரின் கட்டளை. சின்னது என்றால் எவ்வளவு? கயிறு பிடித்தவன் மேட்டுக்காரன், அவன் இழுத்துக்கொண்டே இருந்தான். "சாமி, இதுதான் சின்னது" என்றான். பாலத்துக்காரன் ஒருவன் வந்து, "ஐயா, ஒண்ணு அடிச்சா போதும்" என்றான். நான் இருவரையும் பார்த்தேன். வழக்கமாக இந்த இடத்தில் உள்ளிருந்து ஒரு குரல் வரும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மாவு ஆலைக்காரன் மனைவி அப்பம் சுட்டுக் கொடுத்தாள். ஒரு பக்கத்திலிருந்தும் புகார் வரவில்லை. கோயில் வாசலில் வெகுநேரம் நின்று பார்த்தேன். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

நேற்று நானே கொஞ்சம் மாவு பிசைந்தேன். அவள் கத்தி அடுப்பு மேலேயே இருந்தது. இரண்டு கீறல் போட்டேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், வண்டித்தடம் மாதிரி, ஒன்றையொன்று தொடாமல் போய்விட்டன. ரொட்டி அடுப்பில் ஒரு பக்கமாக வெடித்துக் கோணிக்கொண்டது. உள்ளே வேகவில்லை. மேலே கருகியிருந்தது.

சாப்பிட்டேன்.